தடை நிற்பது வீட்டு வாசலில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெண்பிள்ளையின் கல்விக் கனவுக்குப் பெருந்தடை வீடா, வெளியுலகமா என்பது இன்றைய கேள்வி. வெளியுலகமே என்று வாதிட்ட எதிரணித் தோழி, 2012இல் பாகிஸ்தானின் சுவாட் பள்ளத்தாக்கில், பெண்கல்விக்காகப் பேசிய சிறுமி மலாலாவைச் சுட்ட துப்பாக்கியை இந்த மேடைக்குக் கொண்டு வந்தார். சுட்டவர்கள் வெளியே இருந்தார்கள் என்பது உண்மை. அந்தச் சிறுமிக்குப் பள்ளி நடத்திய தந்தை வீட்டுக்குள் இருந்தார் என்பதும் உண்மைதானே. தோட்டா பாய்ந்த பிறகும் மகளின் படிப்பை நிறுத்தாத வீடு அது. 2014இல், 17 வயதில், அவர் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஆப்கானிஸ்தானைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்: 2021 முதல் ஆறாம் வகுப்போடு பெண்களின் பள்ளி முடிந்துவிடும் அந்நாட்டில், எவ்வளவு நல்ல தகப்பனும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். ஆனால் நாம் அமர்ந்திருப்பது பினாங்கில்.

இந்தத் தீவின் 'பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்' பள்ளியில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. 1852இல் லைட் ஸ்திரீட்டில் கன்னியாஸ்திரிகளின் பெண்கள் பள்ளி வந்தது. 2003 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்று பெண்களே அதிகம். அப்படியானால் தடையே இல்லையே என்று எதிரணியார் சிரிக்கிறார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கணக்குச் சொல்லும்; எந்தப் படிப்பு, எந்த ஊர் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று அது சொல்லாது.

என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவர் தோட்டத்திலும் பள்ளி இருந்தது. விடியுமுன் தாய், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டால் தம்பி அழுவான் என்று, அவனை இடுப்பில் சுமந்தபடி பாட்டி தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலேயே நின்றார். கூலி குறைவு என்பது வெளித்தடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூலிக்குள் யாரைப் படிக்க வைப்பது என்று வந்தபோது, இடுப்பில் இருந்தவன் பள்ளிக்குப் போனான், சுமந்தவர் போகவில்லை. பாட்டிக்குக் கடைசிவரை பேருந்தின் எண்ணை மட்டுமே படிக்கத் தெரியும்.

அது பழைய கதை என்பீர்கள். பினாங்கின் பிறை நகரில் நான் டியூஷன் சொல்லிக்கொடுத்த ஒரு பெண், சிறு வயதில் ஜூரு ஆற்றின் கறுத்த நீரைப் பார்த்துவிட்டு, இதைச் சுத்தம் செய்ய என்ன படிக்க வேண்டும் என்று கேட்டவள். பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வை முடித்தாள்; தெற்கே ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அவள் கேட்ட சுற்றுச்சூழல் படிப்பே கிடைத்தது. கட்டணத்துக்குக் கடனுதவி உண்டு, விடுதியும் உண்டு. "பொம்பளப் பிள்ள, அவ்வளவு தூரம் எதுக்கு?" என்றார் அவள் தந்தை. அவர் கெட்டவர் அல்லர். மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர். ஆனால் அவருடைய மகன் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், நடுவர் அவர்களே. ஸ்கூடாயைத் தாண்டித்தான் அவன் போகிறான். அந்தத் தூரத்தை அந்த வீட்டில் இதுவரை யாரும் அளக்கவில்லை.

இடத்தை ஏற்பதாகப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்ப அவளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அவள் தந்தை இன்று இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.