ஈறுல ரத்தம் வருதா? நல்லெண்ணெய், மஞ்சள், நெல்லிக்காய் எதுவரைக்கும் உதவும்?

வணக்கம்ங்க. பல் தேய்ச்சுத் துப்பும்போது ரத்தம் வந்தா, நம்ம வீடுகள்ல கை முதல்ல போறது நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் மஞ்சள் டப்பாவுக்கும்தான். அதுல தப்பே இல்ல. ஆனா எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு ஒரு வரிசை இருக்கு. அது மாறிட்டா மாசக்கணக்குல கொப்பளிச்சும் பலன் இருக்காது.

ஈறு ஓரத்துல மாவு மாதிரி வெள்ளையா ஒரு படலம் ஒட்டும் பாருங்க, அது முழுக்கக் கிருமிதான். 1965-ல டென்மார்க்ல ஹரால்ட் லோங்கற பல் ஆராய்ச்சியாளரோட குழுவினர், நல்ல ஈறு உள்ளவங்களைப் பல் தேய்க்காம இருக்கச் சொல்லி ஆய்வு பண்ணாங்க. மூணே வாரத்துக்குள்ள எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்துடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் பத்து நாளுக்குள்ள அடங்கிடுச்சு. அப்போ இந்தக் கட்டத்துல பிரஷ்தான் மருந்து.

விட்டுட்டா, எச்சில்ல இருக்கற கால்சியம் படிஞ்சு அந்தப் படலம் காரையா இறுகிடும். காரையை எந்த எண்ணெயும் உப்பும் கரைக்காது. எலுமிச்சை தேய்ச்சா கரையுமேன்னு கேட்பீங்க. எனாமலும் சேர்ந்து கரையும், தயவுசெஞ்சு வேண்டாம். பல் டாக்டர் கருவியால காரையைச் சுரண்டி எடுக்கற ஸ்கேலிங் ஒண்ணுதான் வழி. "சுத்தம் பண்ணினா பல் ஆடும்"னு ஒரு பயம் இருக்கு. பல்லைத் தாங்கற எலும்பு ஏற்கெனவே கரைஞ்ச இடத்துல பல்லை முட்டுக்கொடுத்துப் பிடிச்சிருந்ததே காரைதான். அதை எடுத்ததும் உள்ள ஆட்டம் வெளிய தெரியுது, அவ்வளவுதான்.

சுத்தம் பண்ணின பிறகு நாலஞ்சு நாள் உப்புத் தண்ணி நல்லது. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, அரை நிமிஷம், நாளுக்கு மூணு தடவை. உப்புத்தூளை நேரா ஈறுல தேய்க்காதீங்க. ஈறு கீழ இறங்கி வேர் தெரியும், கூச்சம் வரும்.

அடுத்தது நல்லெண்ணெய். காலையில வெறும் வயித்துல 10 மில்லி, பத்து நிமிஷம் மெதுவா பல் இடுக்குல ஓட்டுங்க. தொண்டைக்குள்ள கொண்டுபோய்க் கொப்பளிக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா அது ஒரு தனி நிமோனியா. சின்னப் பிள்ளைங்களுக்கும், விழுங்கச் சிரமப்படுற பெரியவங்களுக்கும் வேண்டவே வேண்டாம். பேப்பர்ல துப்பிக் குப்பையில போடுங்க, சிங்க்ல துப்பினா குழாய் அடைச்சுக்கும். துப்பின பிறகு பல் தேய்க்கணும், அதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. படலமும் ஈறு வீக்கமும் குறையறதாச் சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா அதெல்லாம் சின்ன ஆய்வுகள், அதனால பிரஷ்ஷுக்குப் பதிலா இதை வைக்காதீங்க.

மஞ்சளை மாத்திரையா விழுங்கினா உடம்புல ரொம்பக் கொஞ்சம்தான் சேரும். ஈறுல நேரா தடவறதுக்குத்தான் அர்த்தம் இருக்கு. கால் டீஸ்பூன் தூளைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு, விரலால ஈறு ஓரத்துல பூசி, பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. பல்லுல கொஞ்சம் மஞ்சள் ஏறும், தேய்ச்சா போயிடும். கிராம்பு எண்ணெயை மட்டும் கலக்காம வைக்காதீங்க, ஈறு வெந்து வெள்ளையா உரியும்.

வைட்டமின் சி ஈறுத் திசுவைக் கட்டற கொலாஜன்ங்கற புரதத்துக்கு அவசியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி ஆணுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. ஒரு கொய்யாப்பழமே அதைத் தாண்டிடும். நெல்லிக்காயும் அப்படித்தான். பழம் சாப்பிடறவங்களுக்கு மாத்திரை தேவையில்ல. சிறுநீரகக் கல் வந்தவங்க அதிக அளவு மாத்திரை பக்கமே போகாதீங்க. மீன் எண்ணெய் மாத்திரை ஸ்கேலிங்கோட சேர்த்து எடுத்தா கொஞ்சம் கூடுதல் பலன் தெரியுது. ஆனா ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க அதையும் மஞ்சள் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லைன்னா இதெல்லாம் பாதிதான் வேலை செய்யும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ரத்தம் வராமலே ஈறு நோய் முத்தும், அதனால ரத்தம் வரலையேன்னு இருந்துடாதீங்க. சீழ் வந்தா, பல் ஆடினா, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தா வீட்டு வைத்தியத்தை நிறுத்திட்டு உடனே போயிடுங்க.

ஸ்கேலிங் பண்ணும்போதே ஈறுப் பை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, எவ்வளவு ஆழம்னு அளந்து எழுதிக் கேட்டு வாங்குங்க. 1 முதல் 3 மில்லிமீட்டர் சரியான அளவு. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் திரும்ப அளக்கச் சொல்லுங்க. அப்பவும் 5, 6-னு நின்னு ரத்தமும் கசிஞ்சா, வேர் வரைக்கும் ஆழமா சுத்தம் பண்ணணும், தேவைப்பட்டா ஈறு அறுவை சிகிச்சை. அதை எண்ணெயால தள்ளிப்போடாதீங்க.