உப்பு வணிகரும் அவர்தம் பெயர்களும்

நேயர்களுக்கு வணக்கம். தொழிலால் அமைந்த பெயர்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, கொல்லர், தச்சர், குயவர் என யாவரும் அறிந்த பெயர்களை விடுத்து, உப்பைச் சார்ந்த சில பெயர்களை எடுத்துக்கொண்டேன்.

உப்பை விளைவிப்பவர் அளவர். அதை வாங்கி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்பவர் உமணர். அகநானூற்றின் 140-ஆம் பாடலில் அம்மூவனார், பரதவர் உழாமலே விளைவித்த வெண்கல் உப்போடு குன்றம் கடந்து செல்லும் உமணரையும், 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று சேரியில் விலை கூறித் திரியும் உமணர் மகளையும் காட்டுகிறார். காசுக்கு அங்கே வேலையில்லை, நெல்லே விலை.

இவர்களுடைய வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பெயர். அந்தப் பயணத்தின் தொல்லையை ஔவையார் புறநானூற்றில் நுட்பமாகக் குறித்திருக்கிறார். எருதுகளோ நுகம் பழகாத இளையவை, வண்டியிலோ பெரும்பாரம், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ யார் அறிவார் என்று எண்ணி, உமணர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவார்களாம். அதுவே சேம அச்சு. லாரி ஓட்டுநர்கள் இன்று ஸ்டெப்னி என்பதன் மூத்த உறவு என்று அதைச் சொல்லலாம். பொகுட்டெழினி என்னும் தலைவனைப் புகழ ஔவையாருக்கு அந்த அச்சே உவமையாகக் கிடைத்தது.

உமணர் என்ற பெயர் பிற்காலத்தில் வழக்கொழிந்தது, தொழில் ஒழியவில்லை. எருதுகளிலும் கழுதைகளிலும் உப்பைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று தானியத்துக்கு மாற்றிய குறவர்கள், உப்புக்குறவர் எனப்பட்டனர். அவர்கள் உமணரின் வழிவந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை; தொழில்முறை ஒன்றாக இருந்தது என்பதே என் கருத்து. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு வணிகம் கம்பெனி அரசின் ஏகபோகமாயிற்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை மெல்ல உள்நாடெங்கும் நீண்டு, எருது பல நாள் நடந்த தொலைவுக்கு உப்பை ஒரே நாளில் கொண்டுசேர்த்தது. சுமந்து விற்றவர்களின் பிழைப்பு பறிபோயிற்று. பிழைப்பிழந்து அலைந்தவர்களை அரசு ஐயத்தோடு நோக்கியது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் குறவர்களில் பல பிரிவினர் சேர்க்கப்பட்டனர். வழிநெடுக அறிமுகமான வணிகர்களாக இருந்தவர்கள், தங்கள் இருப்பிடத்தைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்களானார்கள். ஒரு தொழிலைப் பறித்துவிட்டு, தொழிலற்றவன் என்றே ஒருவனைக் குற்றவாளியாகக் கருதுவதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் இருந்த சமூகங்களுக்கான தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் இன்றும் உப்புக்குறவர், சேலம் உப்புக்குறவர், இஞ்சிக்குறவர் என்ற பெயர்கள் தனித்தனியே இடம்பெறுகின்றன. தாத்தாவின் தாத்தா எதைச் சுமந்து விற்றார் என்பது பேரனின் சாதிச் சான்றிதழில் பதிவாகிறது. வணக்கம்.