68 நல்ல மார்க்கா? பிரிட்டனில் இருந்து அமெரிக்கா, கனடா போய்ப் படிக்கும் மாணவர்களின் ஒரு வருடம்

(திரையில் ஒரு கட்டுரைத் தாள். மேல் மூலையில் 68 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது.)

இந்த 68 நல்ல மார்க்கா, மோசமான மார்க்கா? எந்த ஊரில் வாங்கியது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் வரலாறு படிக்கிற ஒரு பெண் இதை வாங்கியிருந்தால் அன்று ராத்திரியே அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியிருப்பாள். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, அவர்கள் வாயில் 'டூ ஒன்', வேலை தரும் நிறுவனங்கள் பலவும் கேட்பது இதைத்தான். அதே 68 டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சி பிளஸ். அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகளில் டி, அதாவது தேர்ச்சியில் கடைசிப் படி.

ஒரு வருடம் கடல் கடந்து படிக்கப் போகும் பிரிட்டிஷ் மாணவர்களுக்கு அடி விழுகிற முதல் இடம் இந்த மார்க்தான். குளிரோ சாப்பாடோ பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை. பிரான்சுக்கோ ஜப்பானுக்கோ போகிறவர்கள் எல்லாமே வேறு மாதிரி இருக்கும் என்று தயாராகிப் போகிறார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தயாரிப்பு தோன்றுவதே இல்லை. மொழி ஒன்றுதானே, படம் பார்த்தே பாதி ஊர் தெரியுமே என்று பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள்.

சரி, எப்படிப் போகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பரிமாற்ற ஒப்பந்தம் வழியாகத்தான். அமெரிக்க இயல் படிக்கிறவர்களுக்குச் சில இடங்களில் வெளிநாட்டு வருடம் அந்தப் படிப்போடு சேர்ந்தே வரும். ஸ்காட்லாந்தில் பட்டம் 4 வருடம் என்பதால் எடின்பரோவில் 3ஆம் வருடத்தில் போகிறார்கள். பரிமாற்றத்தில் போனால் அமெரிக்கக் கல்லூரியின் கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை, சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கட்டணம், அதுவும் குறைத்து. இங்கிலாந்தில் 2025-26இல் உள்நாட்டு மாணவருக்கு ஒரு வருடக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. முழு வருடமும் வெளிநாட்டில் இருந்தால் அதில் 15 சதவீதம், அதாவது 1,430 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காரும் அமெரிக்கப் பையன் அதே வருடத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டியிருப்பான். இந்தக் கணக்கு தெரியாமலேயே 'நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது' என்று ஒதுங்கிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். விமான டிக்கெட், விசா, காப்பீடு, தங்கும் செலவு நிச்சயம் கையைக் கடிக்கும். எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குப் பதிலாக 2021இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த டூரிங் திட்டத்தில் அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கும் உதவித்தொகைக்கு வழி இருந்தது, இப்போது என்ன உதவி கிடைக்கும் என்று உங்கள் கல்லூரியில் போய்க் கேளுங்கள்.

(திரையில் நான்கு பக்கச் சிலபஸ்.)

இப்போது வகுப்பறைக்குள் போவோம். முதல் நாளே பேராசிரியர் ஒரு சிலபஸ் கொடுப்பார். பாடத் தலைப்புகளின் பட்டியல் என்று நினைத்துப் பைக்குள் திணித்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட ஓர் ஒப்பந்தப் பத்திரம் அது. வகுப்பில் பேசுவதற்கு 15 சதவீதம், வாரா வாரம் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதற்கு 20, பருவத்தின் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வுக்கு 20, கட்டுரைக்கு 20, கடைசித் தேர்வுக்கு 25 என்கிற மாதிரி எல்லாம் அதில் பிரித்துப் போட்டிருக்கும், எத்தனை நாள் வராவிட்டால் எத்தனை மார்க் போகும் என்பது உட்பட. பிரிட்டனில் அந்த வரலாற்று மாணவிக்கு ஒரு பாடத்தின் மார்க் முழுவதும் இரண்டு கட்டுரைகளிலோ ஒரு கட்டுரையிலும் ஒரு தேர்விலுமோ அடங்கிவிடும். நடுவில் வாரக்கணக்கில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நூலகத்தில் தனியாக உட்கார்ந்து தானே படித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா வந்தால் செவ்வாய்க்கிழமை க்விஸ், வியாழக்கிழமை ஹோம்வொர்க். 'திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது' என்று அக்டோபரில் வீட்டுக்கு மெசேஜ் அனுப்புவாள்.

அப்புறம் டிசம்பர் வரும். ஊரில் இருக்கும் தோழிகள் மொத்த மார்க்கும் தொங்கிக்கொண்டிருக்கும் கட்டுரைக்காகத் தூங்காமல் கிடப்பார்கள், இவளுக்கோ முக்கால்வாசி மார்க் ஏற்கெனவே கையில் இருக்கும். எது நல்ல முறை என்று கேட்டால் என் பதில் இதுதான்: வேலை அமெரிக்காவில் அதிகம், பயம் பிரிட்டனில் அதிகம். ஆனால் ஒரு கேள்வியை மூன்று வாரம் தனியாக வைத்துக் கடைந்து பார்க்கும் பழக்கம் பிரிட்டிஷ் முறையில்தான் வருகிறது, அதைக் கொண்டுபோகிற மாணவிக்கு அங்கே எழுதும் கட்டுரைகள் நன்றாகவே கைகொடுக்கும்.

மார்க்கின் பின்னால் இருக்கும் மனநிலையும் வேறு. பிரிட்டனில், அதுவும் வரலாறு, இலக்கியம் மாதிரிப் பாடங்களில், 80க்கு மேல் போடவே கை வராது, மேலே உள்ள இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அமெரிக்காவில் சரியாகச் செய்தால் 100, தவறு இருந்தால் அதிலிருந்து கழித்துக்கொண்டு வருவார்கள். அதனால் முதல் தாளில் 92 வாங்கிய பிரிட்டிஷ் மாணவி தலைகால் புரியாமல் சுற்றிவிட்டு, அது ஏ மைனஸ்தான் என்று மறுநாள் தெரிந்துகொள்வாள்.

பேச்சும் இப்படித்தான். 'யூ ஆல்ரைட்?' என்று பிரிட்டனில் கேட்டால் அது வெறும் வணக்கம். அமெரிக்காவில் அதே வார்த்தையைக் கேட்டால் 'ஏன், என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா?' என்று திரும்பக் கேட்பார்கள். 'க்வைட் குட்' என்று பேராசிரியர் எழுதினால் பிரிட்டிஷ் காதுக்கு அது 'பரவாயில்லை', அமெரிக்கர் அதை 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்ற பொருளில் எழுதியிருப்பார். 'ரிவைஸ்' என்றால் பிரிட்டனில் தேர்வுக்குப் படிப்பது, அமெரிக்காவில் எழுதியதைத் திருத்துவது. அங்கே ஒரு கட்டுரையின் அடியில் 'ரிவைஸ்' என்று எழுதியிருந்தால் திருத்தி எழுதிக் கொண்டுவா என்று பொருள், தேர்வு வருகிறதோ என்று குழம்ப வேண்டாம்.

வகுப்பில் பேசுவதற்கு மார்க் என்றேன் அல்லவா, அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முழுதாக யோசித்து முடிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பழகிய பிள்ளைகள், பாதி யோசனையோடு கையைத் தூக்கும் அமெரிக்கப் பிள்ளைகளைப் பார்த்து முதல் மாதம் திகைத்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு நல்ல வழி ஆபீஸ் ஹவர்ஸ். பேராசிரியர் வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்திருப்பார். பிரச்சினை இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை, 'நான் இங்கே புதிது, இந்தப் பேச்சு மார்க்குக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்கவே போகலாம். இரண்டாவது வாரத்துக்குள் போய்விடுங்கள்.

தங்குமிடம் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் விடுதி என்றால் பெரும்பாலும் தனி அறை, அமெரிக்காவில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் இரண்டு கட்டில். ஊரில் 18 வயதில் பப்புக்குப் போனவர்கள் அமெரிக்காவில் 21 வரை காத்திருக்க வேண்டும், கனடாவில் மாகாணத்தைப் பொறுத்து 18 அல்லது 19. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் என்ற பண்டிகை விடுமுறை, சில விடுதிகளை அந்த வாரம் பூட்டியே விடுவார்கள், எங்கே தங்குவது என்று செப்டம்பரிலேயே கேட்டு வையுங்கள். லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் டொராண்டோவைத் தேர்ந்தெடுத்தால் அங்கே ஸ்கார்பரோ பகுதியில் ஒரு சித்தி வீடு இருக்கலாம், மற்ற பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது.

காப்பீட்டை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆம்புலன்சுக்குப் பில் வரும் என்பதே மனதில் ஏறாது. அமெரிக்காவில் வரும். பாலிசியில் எது உண்டு, எது இல்லை, முதலில் எவ்வளவு தொகை நம் கையில் இருந்து போகும் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து படியுங்கள்.

முழுப் பட்டமும் அங்கேயே படிக்க நினைப்பவர்களின் கதை வேறு. இங்கிலாந்தின் மாணவர் கடன் அதற்குக் கிடைக்காது. ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரையும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, குடும்ப வருமானத்துக்கு ஏற்ப உதவி செய்கின்றன. வசதி குறைந்த அரசுப் பள்ளி மாணவர்களை இதற்குத் தயார் செய்யவே சட்டன் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம், அமெரிக்க-பிரிட்டிஷ் கல்விப் பரிமாற்ற அமைப்பான ஃபுல்பிரைட் கமிஷனோடு சேர்ந்து 2012 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது.

(திரையில் மறுபடியும் அதே சிலபஸ், ஓரங்கள் மடங்கி, பேனாக் குறிப்புகளோடு.)

கடைசியாக ஒன்று. அமெரிக்க மார்க்கைச் சொந்தப் பல்கலைக்கழகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சிலர் தேர்ச்சி பெற்றால் போதும் என்பார்கள், சிலர் ஓர் அட்டவணை வைத்து ஏ, பி என்பதை 72, 64 என்று மாற்றுவார்கள். கிளம்புவதற்கு முன் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது எல்லாப் பாடங்களின் சிலபஸையும் திருத்திக் கொடுத்த தாள்களையும் எடுத்து வாருங்கள், மார்க்கை மாற்றுவதில் சந்தேகம் வந்தால் துறை அலுவலகம் முதலில் கேட்கப்போவது அந்த நான்கு பக்கங்களைத்தான்.