துருப்பிடிக்கும் ரயில்கள்

நேயர்களுக்கு வணக்கம். மீன்பிடித் தடைக்காலமான இந்த 61 நாளும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து ஆட வேண்டிய பலகை விளையாட்டுக்கு இதைவிடத் தோதான காலம் கிடைக்காது. அப்படி ஒன்றின் விதிகளை இன்று பார்ப்போம். பெயர் '1830'. பிரான்சிஸ் டிரெஷாம் வடிவமைத்து 1986-இல் வெளிவந்தது. களம் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி.

மொத்தம் 2,400 டாலர் ஆடுபவர்களுக்குள் சமமாகப் பிரியும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 600. கச்சான் காற்றில் காகித நோட்டு பறக்கும், அதனால் பிளாஸ்டிக் வில்லைகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சிறு கம்பெனிகள் முதலில் ஏலம் போகும். பிறகு எட்டுப் பெரிய ரயில் கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பங்கு. முதலில் வாங்குபவர் தலைவராகி 67 முதல் 100 டாலருக்குள் தொடக்க விலை வைப்பார். ஆறு பங்கு விற்றதும் கம்பெனி ஓடத் தொடங்கும். தொடக்க விலையின் பத்து மடங்கு அதன் கல்லாவுக்கு வரும். பங்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று 67 வைத்தால் கல்லாவில் 670தான் இருக்கும். அதில் ரயிலும் வாங்கி, ஆற்றைக் கடக்க 80, மலையைக் கடக்க 120 என்று கொடுத்தால் சீக்கிரமே கை வறண்டுவிடும்.

கம்பெனியின் முறை வந்தால் தண்டவாளம், நிலையம், ஓட்டம், பங்கீடு, ரயில் வாங்குதல் என்ற வரிசை மாறக் கூடாது. 90 டாலர் வருமானம் என்றால் பங்குக்கு 9. டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே பாதியைப் பிரித்துப் பாதியை வைத்துக்கொள்ள முடியாது. முழுதாகப் பிரித்தால் விலைக் கட்டங்கள் உள்ள அட்டையில் பங்கு விலை வலப்பக்கம் ஏறும். முழுதும் கல்லாவில் போட்டால் இடப்பக்கம் இறங்கும்.

ஆட்டத்தின் உயிர் ரயில்களில் இருக்கிறது. பாம்பன் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியுமல்லவா? இங்கேயும் ரயில் துருப்பிடிக்கும், ஆனால் ஒரே நொடியில். இரண்டு ஊர் ஓடும் ரயில் ஆறு, விலை 80. மூன்று ஊர் ரயில் ஐந்து, விலை 180. ஆகப் பதினொன்று. அடுத்து வரும் பன்னிரண்டாவது, 300 டாலர் நான்கு ஊர் ரயில். அதை யார் வாங்கினாலும் மேசையில் உள்ள இரண்டு ஊர் ரயில் அத்தனையும் குப்பை. நான்கு ஊர் ரயில் நான்கும் 450 டாலர் ஐந்து ஊர் ரயில் மூன்றும் தீர்ந்த பிறகு, முதல் ஆறு ஊர் ரயில் 630 டாலருக்கு விற்கும். அன்று மூன்று ஊர் ரயில்கள் போகும். முதல் டீசல் ரயில் வந்ததும் நான்கு ஊர் ரயில்களும் போகும். ஐந்து, ஆறு, டீசல் மட்டுமே கடைசிவரை நிலைக்கும். ஆகவே விற்ற ரயில்களை எண்ணிக்கொண்டே இருங்கள். பதினொன்றாவது ரயில் விற்ற பிறகும் இரண்டு ஊர் ரயிலை மட்டும் நம்பி லாபம் பிரிப்பவர் அடுத்த முறை மாட்டுவார்.

பாதை இருந்தும் ரயில் இல்லாத கம்பெனி கட்டாயம் வாங்க வேண்டும். கல்லாவில் போதாததைத் தலைவர் தன் கையிலிருந்து போடுவார், தேவையானால் பங்கை விற்றும். இதை முன்கூட்டியே பார்த்த தலைவர் தன் பங்குகளைத் தள்ளிவிடுவார். இரண்டு பங்காவது வைத்திருக்கும் அடுத்தவர் தலையில் கம்பெனி விழும். பிறர் கம்பெனியில் இரண்டாவது பங்கு வாங்குமுன் அதன் கல்லாவையும் ரயில்களையும் பாருங்கள்.

கட்டாய ரயிலுக்குப் பணம் தேறாமல் ஒருவர் திவாலானால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடியும். இல்லையேல் வங்கியின் 12,000 டாலர் தீர்ந்ததும், நடக்கும் ஓட்டச் சுற்றுகளை முடித்துவிட்டு, கைக்காசோடு பங்குகளின் அன்றைய விலையைக் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான். வணக்கம்.