பிறக்க மந்திரம் போதும், பிழைக்க?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'மாய உலகில் அறிவுள்ள விலங்கினம் தழைப்பது மந்திரத்தாலா, வாழ்வியலாலா?' எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மந்திரத்தால்தான் என்று சொல்லி மூன்று காட்சிகளை வைத்தார். ஒரு மந்திரவாதி ஓர் ஆண் ஓநாய், ஒரு பெண் ஓநாய் மேல் தீர்த்தம் தெளிக்கிறார், ஆயிரம் வருஷத்தில் ஓநாய் ராஜ்ஜியம் உருவாகிவிடுகிறது. கடலுக்கு அடியில் இரும்பு வாள் ஏந்திய ஆக்டோபஸ் சாம்ராஜ்யம். காட்டுக்குள் யானைச் சபை, அதற்கு முந்நூறு வயசு யானை தலைமை. கைதட்டல் அள்ளிக்கொண்டு போனார். பிறந்த வரைக்கும் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை, மந்திரத்தாலேயே பிறக்கட்டும். மறுநாள் காலையில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கத்தான் எங்கள் அணி வந்திருக்கிறது.

முதலில் அந்த ஓநாய் ஜோடி. தீர்த்தம் தெளித்தது சரி, பிறந்த குட்டிகள் யாரைக் கட்டிக்கொள்ளும்? அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஐல் ராயல் என்று ஒரு தீவு இருக்கிறது. ஏரி உறைந்த குளிர்காலத்தில் பனி மேல் நடந்தே ஓநாய்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1980இல் 50 ஓநாய்கள். நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் உள்ளே புகுந்தது, 1982இல் 14தான் மிச்சம். 1997இல் வெளியிலிருந்து ஓர் ஆண் ஓநாய் பனியைத் தாண்டி வந்தது, புது ரத்தம் பாய்ந்தது, கொஞ்ச காலம் தெம்பு. அப்புறம் பார்த்தால் தீவு முழுக்க அதன் வாரிசுகளாகவே ஆகிப்போய், மறுபடியும் சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கை. முதுகெலும்பில் கோளாறு. 2016இல் மிஞ்சியது இரண்டே ஓநாய். அந்த இரண்டும் என்ன உறவு தெரியுமா? அப்பனும் மகளும். அதோடு இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை! கடைசியில் வெளியூரிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்துதான் விட வேண்டியதாயிற்று.

ஆக மந்திரவாதி தெளிக்கத்தான் போகிறார் என்றால், ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத பல கூட்டங்கள் மேல் தெளிக்கட்டும். 1980இல் பிராங்க்ளின் என்ற மரபியல் அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார். உள்ளுறவுச் சேர்க்கையின் கேடு உடனே தாக்காமலிருக்க, இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் உயிர்கள் 50 வேண்டும், நெடுங்காலம் தாங்க 500 வேண்டும். அது தோராயக் கணக்குதான். ஆனால் எப்படித் தோராயமாகப் பார்த்தாலும் இரண்டு என்று வராது.

மந்திரமே இல்லாமல் விலங்கின் குணத்தை மாற்ற முடியுமா என்று அண்ணன் கேட்டார். முடியும். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்கில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி 1959இல் வெள்ளி நரிகளை வைத்து ஆரம்பித்தார். தலைமுறைக்குத் தலைமுறை, மனுஷனைக் கண்டு மிரளாத குட்டிகளை மட்டும் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறையிலேயே வாலாட்டும் நரி வந்துவிட்டது. கேட்காமலே மடிந்த காதும் வெள்ளைத் திட்டும் கூட வந்தன. நரிக்கு வருஷம் ஒரு ஈற்று, அதனால் நாற்பது தலைமுறைக்கு நாற்பது வருஷம் போதும், ஒரு மந்திரவாதி தன் ஆயுளுக்குள் பார்த்துவிடலாம். யானைக்குச் சினைக்காலமே 22 மாதம். தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று வைத்தால் நாற்பது தலைமுறைக்கு ஆயிரம் வருஷம். கதை எழுதுகிறவர் எந்த விலங்கு என்று முடிவு பண்ணும்போதே இந்தப் பெருக்கலைப் போட்டுவிட வேண்டும்.

அடுத்து ஆக்டோபஸ். புத்தி விஷயத்தில் குறையே சொல்ல முடியாது, நரம்பணுக்கள் சுமார் 50 கோடி, அதில் பெரும்பகுதி கைகளிலேயே இருக்கிறது. ஆனால் சாதாரண ஆக்டோபஸின் ஆயுள் ஒன்றிலிருந்து இரண்டு வருஷம். தாய் முட்டையிடும், சாப்பிடாமல் கொள்ளாமல் காவல் இருக்கும், குஞ்சு வெளியே வரும் நேரத்தில் செத்துப்போகும். அம்மா முகம் பார்த்த பிள்ளையே அந்த இனத்தில் கிடையாது. அப்படியிருக்க அண்ணன் சொன்ன சாம்ராஜ்யத்தில் யார் யாருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒவ்வொரு தலைமுறையும் அனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அண்ணனுக்கு ஒரு வழியும் நானே சொல்கிறேன். ஆக்டோபஸின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. 1977இல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட தாய்களிடமிருந்து அந்தச் சுரப்பிகள் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். தாய் காவலை விட்டது, மறுபடியும் இரை தின்றது, முன்னைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. மந்திரம் விழ வேண்டிய இடம் மூளையல்ல, இந்தச் சுரப்பி! அதற்கும் ஒரு விலை உண்டு. காவலை விட்டால் முட்டையை மீன் தின்னும். அதனால் முட்டைக்குக் காவல் நிற்கத் தனி முறை, தனி ஆட்கள் என்று ஏற்பாடு வேண்டும். இப்போது பாருங்கள், அந்த ஏற்பாட்டிலேயே ஒரு சமுதாயம் முளைத்துவிட்டது. ஆனால் தண்ணீருக்குள் அடுப்பு மூட்ட முடியாது. இரும்பு வாள் என்று அண்ணன் சொன்னதை மட்டும் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும்.

அறிவு என்பது வயிற்றுச் செலவு, நடுவர் அவர்களே. மனுஷ மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். உட்கார்ந்த இடத்தில் உடம்பு எரிக்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே தின்றுவிடுகிறது. நாலைந்து வயசுக் குழந்தைக்கு இன்னும் மோசம், நாற்பது சதவீதத்துக்கு மேல் மூளைக்கே போகிறது. அந்த வயசில்தான் உடம்பு வளர்வது ரொம்ப மெதுவாகிறது. அறிவுள்ள ஓநாய்க் குட்டி என்றால் அதுவும் வருஷக்கணக்கில் கையாலாகாத குட்டியாகவே கிடக்கும், கூட்டம்தான் வேட்டையாடி ஊட்ட வேண்டும். பறவைகள் இதில் கெட்டிக்காரர்கள். ரேவன் என்கிற பெருங்காக்கையின் மூளை 14 கிராம்தான், அதற்குள் 200 கோடி நரம்பணுக்கள்! நியூ கலிடோனியாக் காக்கை தாழை இனத்துச் செடியின் மடலைக் கிழித்துக் கொக்கி செய்து புழுவை இழுக்கிறது. ஆக, மூளை பெரிதாக இருந்தால்தான் அறிவு வரும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது யானைச் சபைக்கு வருகிறேன். அண்ணன் வைத்ததிலேயே நல்ல காட்சி அதுதான், அதைக் கலைக்க எனக்கும் மனசில்லை. யானைக் கூட்டத்துக்குக் கிழவி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1993இல் தான்சானியாவின் டரங்கிரே தேசியப் பூங்காவில் வந்த வறட்சி சாட்சி. அங்கே கண்காணிப்பில் இருந்த 81 குட்டிகளில் 16 செத்தன. வயசான தலைவி இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறி வேறிடம் போய்விட்டன, அந்தக் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. வேட்டைக்காரர்களிடம் கிழவிகளை இழந்திருந்த கூட்டம் இருந்த இடத்திலேயே நின்றது. பழைய வறட்சியைப் பார்த்த தலை ஒன்று அந்தக் கூட்டத்தில் மிச்சமில்லை.

அந்தக் கிழவி எதனால் சாகிறாள்? பல்லால். யானைக்குக் கடைவாய்ப்பல் ஆயுளுக்கு ஆறு முறைதான். ஒவ்வொன்றும் பின்னாலிருந்து முளைத்து, முன்னே நகர்ந்து, தேய்ந்து விழும். அறுபது வயசுக்கு மேல் ஆறாவதும் தேய்ந்துவிடும். அப்புறம் மெல்ல முடியாமல், காடு நிறைய தழை இருக்க, பட்டினியில் சாகும். ஆயுள் மந்திரம் மட்டும் போட்டால் அண்ணனின் முந்நூறு வயசுத் தலைவர் இருநூற்று நாற்பது வருஷம் பட்டினி கிடக்க வேண்டும்!

அதனால் அறிவு வந்த யானை முதலில் செய்யப்போகிற கருவி வாள் அல்ல, உரல். பாறையில் குழி, துதிக்கையில் மரத்தடி. தினமும் 150 கிலோ வரை தின்கிற உடம்புக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி கதையாக ஒரு கொட்டாங்கச்சி இடித்துக் கொடுத்தால் ஆகாது. கிழவிக்கு 100 கிலோ என்று குறைத்து வைத்தாலும், ஐந்து கிழவிகள் உட்காரும் சபைக்கு நாளுக்கு 500 கிலோ. மண்ணை அலசிவிட்டு இடிக்க வேண்டும், இல்லையென்றால் மணல் மிச்சப் பல்லையும் அரைத்துவிடும். ஒன்றிரண்டாக இடித்தால் போதும், மாவாக்கிவிடக் கூடாது, பெருங்குடலில் நார் புளித்துத்தான் அந்த உடம்புக்குச் சத்து. காலையில் இடித்ததை ராத்திரி வரை குவித்து வைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும், வயிற்றுவலி வரும். வேளைக்கு வேளை புதிதாக இடிக்க வேண்டும். இளவட்டங்கள் தங்கள் மேய்ச்சல் நேரத்தை விட்டுக்கொடுத்துத்தான் இதைச் செய்ய முடியும், அதுகளே பதினாறு மணி நேரம் வரை மேய்கிற பிராணிகள்.

யானை பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியாவில் எவர்லேண்ட் பூங்காவில் கோஷிக் என்ற யானை ஐந்து கொரியச் சொற்களைப் பேசியதாக 2012இல் ஆய்வு வெளிவந்தது. துதிக்கையை வாய்க்குள் விட்டுத்தான் பேசும். அப்படியானால் சபையில் பேசுகிற யானை உலக்கை பிடிக்க முடியாது, உலக்கை பிடிக்கிற யானை பேச முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மாவிடம் எனக்கு ஒரே கேள்வி. உங்கள் யானைச் சபையில் இன்றைக்கு உலக்கை யார் கையில்? ஒரு வறட்சி வந்து இளவட்டங்களுக்கே தீனி பத்தாத வருஷத்தில், அந்த 500 கிலோவை முதலில் யாருக்கு வைப்பீர்கள்? பதில் சொல்லிவிட்டு மந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.