விற்ற பையனே அடித்தான்! வெம்ப்ளி வ்லாக்

வணக்கம் மக்களே. குரல் கேட்கச் சகிக்காது, தெரியும். ஹெட்ஃபோனில் கேட்கிறவர்கள் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நேற்று கத்தியதில் தொண்டை போய்விட்டது, ஆனால் இன்றைக்கே பேசாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். 2025 மே 24, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் கால்பந்து சாம்பியன்ஷிப், அதாவது இங்கிலாந்தின் ரெண்டாவது டிவிஷன், பிளே-ஆஃப் ஃபைனல்: சன்டர்லாந்து 2, ஷெஃபீல்டு யுனைடெட் 1. நாங்கள் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்குத் திரும்பிவிட்டோம். எட்டு வருஷம்! 2017-இல் கீழே விழுந்தோம், மறு வருஷமே இன்னும் ஒரு படி கீழே போனோம், மூன்றாவது டிவிஷனான லீக் ஒன்னில் நாலு சீசன் கிடந்து நாறினோம். சன்டர்லாந்தில் படிக்கப் போன காலத்திலிருந்து இந்தக் கிளப்போடு மாரடிக்கிறேன் என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். லண்டனுக்குக் குடிவந்தும் இந்த நோய் விடவில்லை.

மேட்சுக்குப் போகும் முன்னால் ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

நம்ம கொக்கு தெரியும் இல்லையா, ஒரு கால் பூட்டாத அந்த ட்ரைபாட். மேட்சுக்கு முன்னால் ஈலிங் ரோட்டில் கொத்து ரொட்டி சாப்பிடுவதை ஷூட் பண்ணலாம் என்று அதையும் எடுத்துக்கொண்டு போனேன். வெம்ப்ளிக்குள் ஏ4 தாளைவிடப் பெரிய பை விடமாட்டார்கள். அது தெரிந்துதான், ஸ்டேடியம் போகிற வழியில் பையை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு இடத்தில் கொடுத்தேன். பைக்குப் பத்து பவுண்டு. சரி, மேட்ச் நாள், கொள்ளை அடிக்கத்தான் செய்வார்கள். அந்த ஆள் பையின் பக்கவாட்டில் செருகியிருந்த கொக்கைப் பார்த்தார், ஒரு விரலால் தட்டினார், "இது தனி" என்றார். அதற்கு இன்னொரு பத்தாம். நான் கேட்டேன், பையோடு சேர்ந்துதானே இருக்கிறது என்று. வெளியே தெரிந்தால் தனி உருப்படியாம். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொக்கை மடக்கி உள்ளே திணித்து, ஜிப்பை இழு இழு என்று இழுத்து மூடினேன். ஜிப்பின் ஓரத்தில் ரெண்டு பல் போச்சு. போனால் போகட்டும், மூடிவிட்டது! திரும்ப நீட்டினேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பத்து பவுண்டு மட்டும் வாங்கிக்கொண்டார். மே மாத வெயிலில் ஜாக்கெட்டோடு வேர்த்து ஊற்றியபடி வெம்ப்ளி வே நெடுக நடந்தேன், ஜெயித்தவன் மாதிரி. மேட்ச் தோற்றிருந்தாலும் எனக்கு அன்றைக்கு ஒரு வெற்றி கையில் இருந்தது. கொத்து நன்றாக இருந்தது, அந்த வீடியோ தனியாக வரும்.

இப்போது மேட்ச். மூன்று மணிக்கு ஆரம்பித்து இரண்டாவது நிமிடமே ஷெஃபீல்டின் கீஃபர் மூர் ஒரு ஹெடர் போட்டார். உள்ளேதான் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் பந்து உள்ளே இல்லை. நம் கோல்கீப்பர் ஆன்டனி பாட்டர்சன் ஒரு கையை நீட்டித் தட்டிவிட்டிருக்கிறார். அந்த ஒரு கை இல்லையென்றால் நான் இந்த வீடியோவையே போட்டிருக்க மாட்டேன். பாட்டர்சனைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் இந்தச் சேனலை அன்சப்ஸ்க்ரைப் செய்துவிட்டுப் போகலாம், ஆட்சேபம் இல்லை.

25-ஆவது நிமிடத்தில் அடி விழுந்தது. குஸ்தாவோ ஹாமர் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க, டைரீஸ் கேம்ப்பெல் பாட்டர்சன் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டார். அழகான கோல், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் கழித்து ஒரு கார்னர், வெளியே வந்த பந்தை ஹாரிசன் பரோஸ் உதைத்தார், வலை குலுங்கியது. 2-0. ஷெஃபீல்டு பக்கம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறது. என் பக்கத்து சீட்டுப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

அப்போது வந்தது வார் (VAR), வீடியோவைப் பார்த்து ரெஃப்ரியின் முடிவைச் சரிபார்க்கிற ஏற்பாடு. எனக்கு வார் பிடிக்காது, பத்து வீடியோவிலாவது திட்டியிருப்பேன். கொண்டாட்டத்தை நிறுத்திவைத்துக் கணக்குப் பார்க்கிற வேலை அது. சாம்பியன்ஷிப்பில் சீசன் முழுக்க வார் கிடையாது, அந்த ஒரே காரணத்துக்காகவே இந்த லீக் எனக்குப் பிடிக்கும். ஃபைனலுக்கு மட்டும் கொண்டுவந்து வைக்கிறார்கள். ரெஃப்ரி கிறிஸ் கவனா ஓரத்துக்குப் போய்த் திரையில் பார்த்தார். வினிசியஸ் சூசா ஆஃப்சைடில், அதுவும் பாட்டர்சனின் கண்ணுக்கு நேர் முன்னால் நின்று மறைத்திருக்கிறார். கோல் இல்லை! பெரியவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வார் மேல் என் கருத்து மாறவில்லை, நேற்று ஒரு நாளைக்கு மட்டும் வழக்கை ஒத்திவைத்திருக்கிறேன்.

அட, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேனே. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம் டிஃபெண்டர் லூக் ஓ'நைன் தோள்பட்டையில் அடிபட்டு வெளியே போனார். லீக் ஒன் காலத்திலிருந்து இருக்கிற மனுஷன், 2019-இல் இதே வெம்ப்ளியில் சார்ல்ட்டனிடம் கடைசி நிமிடத்தில் தோற்றதையும் பார்த்தவர். இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் சில நிமிடம்தான் ஆட முடிந்தது. அவருக்குப் பதில் கிறிஸ் மெப்பம் வந்தார். ஆக, கேம்ப்பெல் கோல் விழும்போதே நம் டிஃபென்ஸ் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது பாதியில் நாங்கள் என்ன ஆடினோம் என்று கேட்டால், நீண்ட நேரம் ஒன்றும் ஆடவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன். ஷெஃபீல்டுதான் நல்ல டீம். ஆனால் ரெண்டாவது கோலை அடித்துக் கதையை முடிக்கவில்லை. 76-ஆவது நிமிடம், பேட்ரிக் ராபர்ட்ஸ் இடைவெளியில் ஒரு பந்து நுழைத்தார், எலியேசர் மயேண்டா ஓடிவந்து முழு பலத்தோடு அடித்தார். கோல்கீப்பர் கூப்பர் நின்ற பக்கமே, மேலே. பெரியவரின் தொப்பி அதற்கப்புறம் யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை.

பிறகு 95-ஆவது நிமிடம். எல்லாரும் எக்ஸ்ட்ரா டைமுக்கு மனதைத் தயார் செய்துவிட்டோம். கவென்ட்ரியோடு செமி ஃபைனலிலும் அப்படித்தான், 122-ஆவது நிமிடத்தில் டான் பாலர்ட் தலையால் முட்டித்தானே இங்கே வந்தோம். ஷெஃபீல்டு ஆள் ஒருவரிடமிருந்து பந்து நழுவியது. டாம் வாட்சன் பிடித்தான். பாக்ஸுக்கு வெளியிலிருந்து, பெரிய உதைகூட இல்லை, தரையோடு உருட்டினான். மூலையில் போய் நுழைந்தது.

யார் இந்த வாட்சன் என்று கேட்கிறவர்களுக்கு: 19 வயசு, சன்டர்லாந்து அகாடமியிலேயே வளர்ந்த பையன். சப்ஸ்டிட்யூட்டாக வந்தவன். அதைவிட முக்கியம், அவன் ஏற்கெனவே விற்கப்பட்டவன்! ஏப்ரலிலேயே பிரீமியர் லீக் கிளப்பான பிரைட்டனுக்குப் போகிறான் என்று அறிவித்துவிட்டார்கள், சுமார் ஒரு கோடி பவுண்டு என்று பேச்சு. பிளே-ஆஃப் வாசலில் நிற்கும்போது இது என்ன அறிவிப்பு என்று அப்போது ஊரே கொதித்தது. நான் போட்ட வீடியோவும் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அழிக்க மாட்டேன். அந்தக் கோபம் இப்போதும் சரிதான், கிளப் அதை மே மாதம் வரை மூடி வைத்திருக்கலாம். ஆனால் பையன் என்ன செய்தான்? அடுத்த சீசன் சன்டர்லாந்து எந்த லீக்கில் இருந்தாலும் அவன் பிரீமியர் லீக்கில்தான். அவனுக்கு இதில் ஆகவேண்டியது எதுவும் இல்லை. இருந்தும் போகிற போக்கில் எங்களை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போகிறான். குறைந்தது 20 கோடி பவுண்டு மதிப்புள்ள கோல் என்கிறார்கள். அவனை விற்று வாங்கியதோ ஒரு கோடி. வியாபாரம் என்றால் இதுதான் வியாபாரம்.

சரி, இப்போது எரிச்சல். நேற்று ராத்திரியிலிருந்து ஒரே புலம்பல்: ஷெஃபீல்டு 90 பாயின்ட், அதுவும் ரெண்டு பாயின்ட் வெட்டிய பிறகு, சன்டர்லாந்து 76 பாயின்ட், இது நியாயமா? லீக்கின் கடைசி ஐந்து ஆட்டத்தையும் தோற்ற டீம் மேலே போவதா?

நியாயம் இல்லைதான். யார் நியாயம் என்று சொன்னது? முதல் ரெண்டு இடம் நேராக மேலே, இந்த வருஷம் லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 பாயின்ட் எடுத்துப் போனார்கள். மூன்று முதல் ஆறு வரை வந்தவர்களுக்கு பிளே-ஆஃப். இது எல்லாருக்கும் ஆகஸ்டிலேயே தெரியும். ஆறாவது வந்த பிரிஸ்டல் சிட்டியை ஷெஃபீல்டு செமியில் 3-0, 3-0 என்று நசுக்கியபோது யாரும் நியாயம் பேசவில்லையே.

இன்னொன்றும் கேளுங்கள். 1998. சன்டர்லாந்து மூன்றாவது இடம், இதே 90 பாயின்ட். சார்ல்ட்டன் 88. பழைய வெம்ப்ளியில் 4-4. ஹாட்ரிக் அடித்து எங்களைக் கொன்றது சன்டர்லாந்தில் வளர்ந்த கிளைவ் மென்டோன்கா. பெனால்டி, 7-6, மைக்கேல் கிரே தவறவிட்டார். அதை இன்றைக்கும் சன்டர்லாந்து பஸ்ஸில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அன்றைக்கு யாராவது இந்த பிளே-ஆஃபை ஒழிக்கச் சொன்னார்களா? மறு வருஷம் 105 பாயின்ட் எடுத்து நேராக மேலே போனோம். ஷெஃபீல்டும் போகட்டும், யார் தடுத்தது?

ஆனால் ஷெஃபீல்டு ரசிகர்களைக் கிண்டல் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். அவர்களுக்கு இது பத்தாவது பிளே-ஆஃப், ஒன்றில்கூட மேலே போனதில்லை. 1997-இல் கிரிஸ்டல் பேலஸின் டேவிட் ஹாப்கின் கடைசி நிமிடத்தில் அடித்தார், 2009-இல் பர்ன்லி, 2012-இல் ஹடர்ஸ்ஃபீல்டிடம் பெனால்டியில் கோல்கீப்பர் வரைக்கும் உதைத்தும் தோற்றார்கள். நேற்று மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் ரெண்டு ஊர்க்காரர்களும் கலந்து நின்றோம், ஜெர்சி ரெண்டும் ஒரே மாதிரி. யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. போன வருஷம் மேலே போன மூன்று டீமும் இந்த வருஷம் கீழே வந்துவிட்டன, அதற்கு முந்தின வருஷமும் அதே கதை. நம் கோச் லெ ப்ரீயின் பையன்கள் சின்னப் பையன்கள், கிறிஸ் ரிக்குக்கு 17 வயசுதான். நிறைய ஆள் வாங்கணும். என்ஸோ லெ ஃபே கடனில் வந்தவர், மேலே போனால் கட்டாயம் வாங்கவேண்டும் என்று ஒப்பந்தம், ஆக அவர் நம் ஆள்தான். அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

மீதிப் பாதி நியூகாஸில், எங்கள் பக்கத்து ஊர்ப் பரம எதிரி. இந்த 2025 மே வரைக்கும் லீக்கில் அவர்களோடு கடைசியாக ஆடியது 2016. 2011 ஆகஸ்டுக்குப் பிறகு லீக் டெர்பியில் அவர்களிடம் நாங்கள் தோற்றதே இல்லை, நடுவில் வரிசையாக ஆறு வெற்றி. போன வருஷம் எஃப்ஏ கப்பில் 3-0 வாங்கியது லீக் கணக்கில் வராது, அதை யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஜூனில் ஃபிக்ஸ்சர், அதாவது ஆட்ட அட்டவணை, வரட்டும். டெர்பி ரெண்டுக்கும் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிடுவேன், மேனேஜர் முறைத்தாலும் சரி. எங்கள் சன்டர்லாந்து கோஷத்தோடு முடிக்கிறேன்: ஹாவே த லேட்ஸ்!