முதலை ஹெலி ஏன் நிற்கவில்லை?

(திருகோணமலையில் மாதாந்த வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, வகுப்பு முடிந்த கையோடு வந்திருக்கும் உயர்தரப் பிள்ளைகளே, பின் வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். எம்.ஐ.-24 என்ற தாக்குதல் ஹெலிகொப்டரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், “இந்த ஊரில் அதைப் பற்றி யாருக்கு என்ன சொல்லப் போகிறீர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே இருக்கும் பலர் அதைக் கீழே நின்று பார்த்தவர்கள். ஆனால் கீழே நின்று பார்த்த ஒரு விசயத்துக்கு எனக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஈச்சிலம்பற்றுப் பக்கம். தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. வளவில் புளியமரத்துக்குக் கீழே பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டிருந்தோம். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஹெலியைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை, காதே போதும். பெல் 212 இன் மேல் விசிறிக்கு இரண்டே இதழ். ஒவ்வோர் அடியும் டப், டப் என்று தனித்தனியாக விழும். பெல் 412 க்கு நாலு இதழ், சத்தம் கொஞ்சம் மெதுமை. எம்.ஐ.-24 க்கு ஐந்து. அது தனித்தனியாகக் கேட்காது. பாரம் இழுக்கும் உழவு மெஷின் வானத்தில் வருவதுபோல ஒரே இழுவையாக உறுமும். எங்கள் ஊரில் அதற்கு முதலை ஹெலி என்று பெயர். பின்னாளில் வாசித்தபோதுதான் தெரிந்தது, அதை ஓட்டிய சோவியத் விமானிகளும் முதலை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த நீண்ட மூக்கையும் முண்டிய கண்ணாடிகளையும் பார்த்த எவருக்கும் வேறு பெயர் வாயில் வராது.

என் கேள்வி இதுதான். மற்ற ஹெலிகள் சிலவேளை ஆகாயத்தில் ஒரே இடத்தில் தரித்து நிற்கும். முதலை எங்கள் ஊருக்கு மேலே ஒருநாளும் நின்றதில்லை. ஓடி வரும், மூக்கைத் தாழ்த்தும், அடிக்கும், சாய்ந்து விலகும், பெரிய வட்டமாகச் சுற்றி மறுபடி ஓடி வரும். ஹெலிகொப்டருக்கே உரிய வித்தை நிற்பதல்லவா? இது ஏன் நிற்கவில்லை?

விடை, அந்த இயந்திரத்தைக் கனவு கண்ட மனிதரிடம் இருக்கிறது. மிகயில் மில், 1909 இல் சைபீரியாவின் இர்குட்ஸ்க்கில் பிறந்தவர். பெயரில் உள்ள ‘எம்.ஐ.’ அவருடைய குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். வியட்நாமில் அமெரிக்கர்கள் ஹெலிகொப்டரில் படையை ஏற்றி இறக்குவதை அவர் கூர்ந்து கவனித்தார். அமெரிக்கர்கள் வேலையைப் பிரித்தார்கள்: ஆட்களை ஏற்ற ஒரு ஹெலி, அதற்குக் காவலாகச் சுட இன்னொன்று. சுடுவதற்கென்றே பிறந்த கோப்ரா 1965 இல் பறந்தது. உடம்பின் அகலம் ஒரு மீற்றருக்கும் குறைவு, எடை நாலரைத் தொன்னை எட்டாது. மில்லோ இரண்டு வேலையையும் ஒன்றிடமே கேட்டார். எட்டுப் படையினரை ஏற்ற வேண்டும், அவர்கள் இறங்கும் இடத்தைத் தானே அடித்துச் சுத்தம் செய்யவும் வேண்டும். பறக்கும் கவச வண்டி என்பதே அவர் எண்ணம். 1966 இல் மாதிரி உரு செய்து காட்டினார். மேலிடத்தில் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1969 செப்டெம்பர் 19 இல் முதல் ஹெலி பறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மில் இறந்துபோனார். அது போருக்குப் போனதை அவர் காணவில்லை.

இரண்டு வேலையையும் ஒன்றிடம் கேட்டால் என்ன ஆகும்? பாரம் ஏறும். கவசத்தகடு, குண்டுதாங்கும் கண்ணாடி, ரொக்கெட் கூடுகள், எட்டுப் பேர், எரிபொருள் எல்லாம் சேர்ந்து பின்னால் வந்த வகைகளில் 12 தொன் வரை போனது. ஏறத்தாழ 2,200 குதிரைவலு கொண்ட இயந்திரங்கள் இரண்டு, 17.3 மீற்றர் விட்டமுள்ள விசிறி. அதுவும் போதவில்லை. ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டைச் சிறகுகள் வைத்தார்கள். அவை ஆயுதம் தொங்கவிட மட்டும் வைத்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. முழு வேகத்தில் ஹெலியின் பாரத்தில் ஏறத்தாழக் கால்பங்கை அந்தச் சிறகுகளே தூக்குகின்றன.

கொட்டியாரக் குடாவில் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபைபர் வள்ளத்தில் சாமான் நிறைய ஏற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வயிறு புதைந்து, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். மெஷினை முறுக்கிவிட்டால் வள்ளம் மேலே எழும்பித் தண்ணீரின்மேல் வழுக்கும். பாரம் அதே பாரம்தான், தூக்குவது வேகம். முதலை ஹெலியின் சிறகும் அப்படித்தான். ஓட்டத்தில் அது துணை. நின்றாலோ, மேல் விசிறி கீழே தள்ளும் காற்று அந்தச் சிறகின் முதுகிலேயே அறைகிறது. ஓடும்போது தூக்கிய சிறகே நிற்கும்போது அமுக்குகிறது. அதற்கு நிற்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நிற்கும். ஆனால் பாரத்தோடு, வெயிலில் மெலிந்த காற்றில், நிற்பது அதற்குப் பெரும்பாடு. அதனால் முழுப் பாரத்தோடு கிளம்பும்போதுகூட ஓடுபாதையில் சில்லில் ஓடித்தான் எழும்புவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கண்காட்சியில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிறகுகள் வேரிலிருந்து நுனி வரை கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன, உச்சி வெயிலில் வாயைத் திறந்துகொண்டு சிறகைத் தொங்கவிட்டு நிற்கும் காகத்தைப்போல. நேர் முன்னால் நின்று பார்த்தால் உடம்பு முழுவதும் இலேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சில்லில் காற்றுப் போய்விட்டது என்று நினைத்துச் சுற்றிப் போய்ப் பார்த்தேன், எல்லாச் சில்லும் சரி. அமைப்பே அப்படி. வால் விசிறி ஹெலியைப் பக்கவாட்டில் தள்ளும். அதை ஈடுசெய்ய மேல் விசிறியின் அச்சை 2.5 பாகை வலப்பக்கம் சரித்துப் பூட்டியிருக்கிறார்கள். தரையில் விசிறி மட்டமாக நிற்க உடம்பு மறுபக்கம் சாய்கிறது. வேகமாகப் பறக்கும்போது உடம்பு நேராகிவிடும், குறி பிசகாது. பிள்ளைகளே, விசைகளின் சமநிலையை இதைவிட அழகாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த அழகு எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறக்காமல் சொல்கிறேன்.

பக்கக் கதவு இரண்டாகப் பிளந்து திறக்கும். மேல்பாதி மேலே போகும், கீழ்ப்பாதி படியாக விழும். உள்ளே எட்டுப் பேர் முதுகோடு முதுகு ஒட்டி இருக்க மட்டும் இடம். முன்னால் ஆயுதக்காரர், அவருக்குப் பின்னால் உயரத்தில் விமானி, ஆளுக்கொரு கண்ணாடிக் குமிழ். முதல் வகையில் இப்படி இருக்கவில்லை. எம்.ஐ.-24ஏ யில் இருவரும் பெரிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார்கள். வெளியே சரியாகத் தெரியவில்லை என்று மாற்றினார்கள். மூக்கில் நாலு குழல் கொண்ட 12.7 மில்லிமீற்றர் துப்பாக்கி. பிறகு சிலவற்றில் அதை எடுத்துவிட்டு, வலப்பக்கத்தில் அசையாத 30 மில்லிமீற்றர் இரட்டைக் குழல் பீரங்கியைப் பொருத்தினார்கள். அசையாத பீரங்கி என்றால் ஹெலியையே இலக்கை நோக்கித் திருப்ப வேண்டும். மறுபடியும் அதே ஓட்டம்.

ஓட்டத்தில் அதை மிஞ்ச அந்நாளில் ஆளில்லை. முன் வரிசையில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன்: 1975 இல் கலினா ரஸ்தோர்குயேவா என்ற விமானி, இதன் பாரம் குறைத்த வகையொன்றில் மணிக்கு 341 கிலோமீற்றர் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை வைத்தார். 1978 இல் குர்கென் கரபெத்யான் 368 ஓடி, எல்லோருக்குமான உலக சாதனையை வைத்தார்.

போர்க்களம் அது முதலில் கண்டது எதியோப்பியாவில், சோமாலியாவுடனான ஒகடென் போரில். ஈரான்-ஈராக் போரிலும் பறந்தது. ஆனால் அதன் குணம் முழுதாகத் தெரிந்த இடம் ஆப்கானிஸ்தான். காபூல் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, கோடையில் கொதி, புழுதி. இயந்திரத்துக்கு மூச்சுத் திணறியது. புழுதியைப் பிரித்தெறியும் வடிகட்டியை இயந்திரத்தின் மூக்குத்துவாரத்தில் மாட்டினால் சக்தி இன்னும் குறைந்தது. விமானிகள் முன்சில்லு மட்டும் தரையில் உரச, பின்பக்கம் தூக்கியபடி ஓடி ஓடி எழும்பப் பழகினார்கள். எட்டுப் பேரை ஏற்றுவது மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. ஆட்களை எம்.ஐ.-8 ஏற்றியது, எம்.ஐ.-24 காவலுக்குப் போனது. அமெரிக்கர்கள் முதலிலேயே செய்த அதே வேலைப் பிரிவினை. மில்லின் கனவில் ஒரு பாதியை அந்த மலைகள் உதிர்த்துவிட்டன.

1986 செப்டெம்பரில் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர் வந்தது. ஒரு மனிதன் தோளில் தூக்கிச் சுடக்கூடிய ஏவுகணை, சூட்டைத் தேடிப் போவது. அதன் பிறகு இயந்திரப் புகையைக் குளிர்காற்றோடு கலந்து விடும் பெட்டி, ஏவுகணையைத் திசைதிருப்ப எரிந்து விழும் சுடர்கள் எல்லாம் வேகமாக எங்கும் ஏறின. சுடர் உதிர்வதை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் வளவில் சின்னப் பிள்ளைகள் அதைப் பூ கொட்டுகிறது என்பார்கள்.

இலங்கைக்கு இது முதலில் வந்தது 1987 இல், இந்திய அமைதிப்படையோடு, ஏற்றுமதி வகையான எம்.ஐ.-25 ஆக. இரண்டாம் வரவு 1995. அந்த ஏப்ரல் 19 இல் இதே துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டு மறுபடி போர் தொடங்கியது. 28, 29 ஆம் திகதிகளில் பலாலியில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையால் வீழ்ந்தன. அந்த நவம்பரில் ஹிங்குராக்கொடையில் எம்.ஐ.-24 அணி ஒன்றை விமானப்படை அமைத்தது. பின்னாளில் இவற்றிலும் சில ஏவுகணைக்கு வீழ்ந்தன. ஹிங்குராக்கொடையிலிருந்து மூதூருக்கு நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்கும் குறைவு, முதலைக்குக் கால் மணி நேரப் பறப்புக்கூட இல்லை.

இனி என் அம்மம்மாவிடம் வருகிறேன். முதலை ஒருமுறை அடித்துவிட்டு விலகியதும் அவ எண்ணத் தொடங்குவா. “ஒண்டு, ரெண்டு, மூண்டு...” முப்பதுக்குள் வீட்டுக்குள் இருப்பவர் பங்கருக்குள் வந்துவிட வேண்டும். அந்த முப்பதை அவ எங்கே கற்றா என்று நான் கேட்டதில்லை. வாத்தியாரான பிறகு ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகம், 30 பாகை சாய்வு என்று எடுங்கள். திருப்பத்தின் ஆரை ஏறத்தாழ 545 மீற்றர். அரை வட்டம் சுற்ற 31 செக்கன். இதற்குமேல் சாய்த்து, வேகத்தையும் குறைத்துத் திருப்பினால், தாழ்ந்த பக்கச் சிறகு தூக்கும் வலுவை இழந்து ஹெலி மேலும் உருளப் பார்க்கும். விமானிகள் அஞ்சிய குணம் அது. நின்று சுட முடியாத ஒரு பாரம், திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம் அந்த முப்பது. அதற்குள் என் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் ஓடியிருக்கிறேன்.

ஒன்று திரும்பும் நேரத்தில் மற்றது ஓடி வர வேண்டும் என்பதற்காகத்தான் இவற்றைச் சோடியாக அனுப்புவார்கள். ஆப்கானிஸ்தானிலும் அதே முறைதான். ஒரு பின்னேரம் உழவு மெஷின் சத்தம் இரண்டாகக் கேட்டது. அம்மம்மா காதைக் கொடுத்துக் கேட்டா. பிறகு எண்ணவில்லை. பங்கர் வாசலில் குந்தியிருந்து எங்கள் தலைகளை மட்டும் எண்ணினா.